தலையெழுத்தும் தலையளவும்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம்மவர் பழமொழி. ஆயின், அச் சிரசின் வெளிவடிவைக் கண்டு உள்ளிருக்கும் அறிவை அளந்துவிடலாம் என்றோ, அளந்த அறிவுக்கேற்ப ஆளுக்கு இடம் வகுத்துவிடலாம் என்றோ அப் பழமொழி கூறவில்லை. அதனைக் கூறியவர்கள் வேறு சிலர். அவர்களுள் ஒரு சாரார் கையில் சாமுத்திரிகா லட்சண ஏடு இருந்தது. மற்றொரு சாரார் கையில் இடுக்கிமானி இருந்தது. முன்னவரை நாம் பழமைவாதிகள் என்றோம். பின்னவரை விஞ்ஞானிகள் என்றோம். இருசாராரும் வந்தடைந்த முடிபோ ஒன்றுதான்: தாழ்ந்தவன் தாழ்ந்தே கிடக்க வேண்டியவன், அதற்குச் சான்று அவன் தலையிலேயே இருக்கின்றது.

இக் கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி சிறியது. தவணைப் பரீட்சை விடைத்தாள்களை ஆசிரியர் ஓய்வறையில் இருந்து திருத்திக்கொண்டிருந்தோம். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனது பெயரைக் கண்டதும், அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர், "அவன்ரை மண்டையைப் பாரும் மாஸ்ரர். உதுக்குள்ளை கணக்கு எங்கை ஏறப்போகுது?" என்றார். அறையிலிருந்தோர் சிரித்தனர். அம் மாணவனுடைய தலை முன்பின்னாக நீண்டு, பக்கங்களில் ஒடுங்கியிருக்கும். வகுப்பிலே அவனுக்குப் 'பப்பாப்பழம்' என்று பெயர். கடைசி வாங்கில் இருப்பான், கையுயர்த்த மாட்டான், கேட்டால் எழுந்து நின்று நிலத்தைப் பார்ப்பான். அன்று நான் சிரிக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் மறுத்தும் பேசவில்லை. அன்று சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியே இக் கட்டுரை.

அந்த ஆசிரியர் கொடியவரல்லர். பிள்ளைகளுக்காக மாலை வகுப்பும் நடத்துபவர். ஆகவேதான் அவருடைய கூற்றை ஒரு தனிமனிதரின் நாக்குத்தவறு என்று விட்டுவிட முடியவில்லை. அக்கூற்றுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. அதனை ஆராயுமுன், தலை என்பது எவ்வாறு அமைகின்றது என்பதைச் சிறிது நோக்குவோம்.

வளர்ந்த மனிதனின் மண்டையோட்டில் மூளையை மூடி நிற்கும் பேழை 8 என்புகளாலானது. முகத்தின் 14 என்புகளையும் கூட்டினால் 22. பிறக்கும் குழந்தையிடத்து இவ்வென்புகள் ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்திருப்பதில்லை. அவற்றுக்கிடையே நார்த்தன்மையான பொருத்துகள் உள்ளன. பொருத்துகள் கூடுமிடங்களில் உச்சிக்குழி முதலிய மென்மையான இடைவெளிகள் உள்ளன. தாயின் இடுப்பெலும்பு வழியாக வெளிவரும்போது இவ்வென்புகள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடங்கொடுக்கின்றன. அவ்வாறு இடங்கொடுப்பதனாலேயே தாயும் பிழைக்கிறாள், சேயும் பிழைக்கின்றது. புதிதாய்ப் பிறந்த பிள்ளையின் தலை நீண்டோ கூம்பியோ இருப்பதற்கு இதுவே காரணம். சில நாட்களில், அல்லது சில வாரங்களில், அது தானே சீர்பெறும். பாட்டிமார் எண்ணெய் தடவிப் பிடித்துவிட்டதனால் தலை உருண்டது என்று நாம் நம்பி வந்தோம். பிடித்துவிடாத பிள்ளையின் தலையும் அவ்வாறே உருளும்.

பிறக்கும்போது தலையின் சுற்றளவு ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். ஓராண்டு நிறைவில் அது 46 சென்ரிமீற்றர் அளவில் வந்துவிடும். அக்காலத்துள் மூளையின் நிறை ஏறத்தாழ இருமடங்காகின்றது. மண்டையோடு முதலில் ஒரு வடிவை அமைத்துக்கொண்டு அதற்குள் மூளையை அடைத்து வைப்பதில்லை. மூளை வளர, அது தள்ளத் தள்ள, பொருத்துகளின் ஓரங்களிலே புதிய என்பு படிந்து ஓடு விரிகின்றது. பின்னுள்ள சிறு குழி பிறந்து இரண்டு மூன்று மாதங்களில் மூடும். முன்னுச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதளவில் மூடும். ஏனைய முக்கிய பொருத்துகள் மனிதன் முழு வளர்ச்சி பெற்ற பின்னரும் நெடுங்காலம் தம் நெளிகோடுகளைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இந்த நெளிகோடுகளே நம்மவர் 'தலையெழுத்து' என்று சுட்டிக்காட்டியவை. பிரமன் ஒவ்வொருவன் மண்டையோட்டிலும் அவனவன் விதியை எழுதி அனுப்புகின்றான் என்பது நம்பிக்கை. சுடலையிற் கிடக்கும் மண்டையோட்டைக் காட்டி, "இதோ அவ்வெழுத்து" என்பாரும் இருந்தனர். எத்துணை விபரீதமான வாசிப்பு இது! மனித மூளை வளர்வதற்கு இயற்கை விட்டுவைத்த இடைவெளியை, மனிதன் இதற்குமேல் வளரமாட்டான் என்பதற்குரிய தீர்ப்பாக வாசித்துவிட்டோம். எழுத்தறிவற்ற ஏழை இவ்வாறு வாசித்தமையை நாம் விளங்கிக்கொள்ளலாம்; கூலி கொடாதவனையும் வட்டி வாங்கியவனையும் நோக்கக் கூடாதபடி அவன் கண்ணைத் திருப்பியது அந்த வாசிப்பு. கற்றவன் இன்றும் இவ்வாறே வாசிப்பதை எவ்வாறு விளங்கிக்கொள்வது?

தலையின் வடிவில் மனிதருக்கிடையே வேறுபாடு இருப்பது இயல்பு. பெற்றோரிடமிருந்து வரும் மரபு ஒரு காரணம். குழந்தை ஒரே பக்கமாகக் கிடந்தால் அப்பக்கம் தட்டையாவது மற்றொன்று. 1990களின் தொடக்கத்திலிருந்து, உறக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைத் தடுக்கும் பொருட்டுக் குழந்தைகளை மல்லாக்கக் கிடத்துமாறு வைத்தியர்கள் பல நாடுகளிலே அறிவுறுத்தினர். அந்நாடுகளில் அம் மரணங்கள் பெருமளவு குறைந்தன. பின்தலை தட்டையான குழந்தைகளின் தொகை கூடிற்று. தட்டையான தலை மூளையைத் தாக்குவதில்லை. விழித்திருக்கும் வேளையில் குப்புறக் கிடத்தி விளையாடவிடுவதும் தலையைப் பக்கம் மாற்றி வைப்பதும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதுமானவை. உயிருக்கும் உருண்டைத் தலைக்குமிடையே எதனைத் தெரிய வேண்டும் என்பதில் எந்தத் தாய்க்கும் ஐயமிராது.

இயல்புக்குப் புறம்பான வடிவங்களும் உள்ளன. 2,000 முதல் 2,500 வரையான பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில், பொருத்து ஒன்று உரிய காலத்துக்கு முன்னரே இறுகிவிடுகின்றது. உச்சியின் நடுவே முன்பின்னாக ஓடும் பொருத்து இறுகினால், தலை பக்கங்களில் விரியமுடியாமல் முன்னும் பின்னும் நீளும். இவ்வகையே மிகுதியாகக் காணப்படுவது. என் மாணவனுக்கு நேர்ந்ததும் இதுவாயிருக்கலாம்; அதனைக் கூறவேண்டியவர் வைத்தியர், ஆசிரியர் அல்லர். ஒற்றைப் பொருத்து இறுகிய பிள்ளைகளிற் பெரும்பாலோரின் அறிவு வளர்ச்சி ஏனைய பிள்ளைகளினதைப் போன்றே அமைகின்றது. சிலரிடத்து மண்டைக்குள் அழுத்தம் கூடலாம்; சிலருக்குக் கற்றலில் உதவி வேண்டியிருக்கலாம். ஆகவேதான் முதலாண்டுக்குள் கண்டறிந்து, வேண்டுமாயின் சத்திரசிகிச்சை செய்வது நன்று. மூளைக்குள் நீர் தேங்கித் தலை பெருக்கும் நோயும் அவ்வாறே: காலத்தோடு கண்டு நீரை வடியவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் பாடசாலைக்கு வந்து படிக்கின்றனர்.

மூளையே வளராமையினால் தலை சிறுத்துப்போதலும் உண்டு. 2015இல் பிறேசிலின் வடகிழக்கிலே சிறுதலையோடு பிறந்த குழந்தைகள் திடீரெனப் பெருகினர். சிகா என்னும் நுளம்புக் காய்ச்சல் கருவிலிருந்த சிசுக்களைத் தாக்கியமை பின்னர் தெளிவாயிற்று. 2016 பெப்ரவரி 1ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசர நிலையை அறிவித்தது. அக்குழந்தைகளின் தாய்மாரிற் பெரும்பகுதியினர் ஏழைகள். குழாய்நீர் ஒழுங்காக வராத, வாளியிலும் தொட்டியிலும் நீர் சேர்த்து வைக்கவேண்டிய, நுளம்பு பெருகும் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். அத்தலைகளில் எழுதியிருந்த எழுத்து யாருடையது? பிரமனுடையதா, அல்லது வடிகாலும் குடிநீரும் வழங்கத் தவறிய அரசினுடையதா?

வெளித்தெரியாத பஞ்சம் இன்னும் கொடியது. கருவுற்ற தாயின் உணவில் அயடீன் மிகக் குறைந்தால், பிள்ளையின் தலை அழகாக உருண்டிருக்க, உள்ளே மூளை குன்றிப்போகலாம். நம் நாட்டிலே 1995இல் உப்புக்கு அயடீன் சேர்த்தல் சட்டமாக்கப்பட்டது. சிறிதளவு உப்பு, எந்த இடுக்கிமானியும் காணமுடியாத ஒரு குறையைத் தடுத்தது. தலையின் வடிவைப் பார்த்து அறிவை நிறுப்பவர்கள் இதனை ஒரு கணம் சிந்திக்க வேண்டும்.

இனி, வரலாற்றுக்கு வருவோம்.

சுவீடனைச் சேர்ந்த அன்டேர்ஸ் றெற்சியஸ் என்னும் உடற்கூற்றாசிரியர் 1840களில் ஒரு கணக்கை வகுத்தார். தலையின் அகலத்தை 100ஆற் பெருக்கி நீளத்தால் வகுப்பது. நீளம் 180 மில்லிமீற்றர், அகலம் 140 மில்லிமீற்றர் எனில் விடை ஏறத்தாழ 78. 75க்குக் குறைந்தால் நீள்தலை, 80க்கு மேற்பட்டால் அகன்ற தலை, இடைப்பட்டது நடுத்தலை. எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய இந்த எளிய கணக்கைக் கொண்டே ஐரோப்பியப் பேராசிரியர்கள் நூறாண்டு காலம் மனித குலத்தைக் கூறுபோட்டனர். அமெரிக்காவில் சாமுவேல் மோர்ட்டன் நூற்றுக்கணக்கான மண்டையோடுகளைச் சேகரித்து, முதலில் விதைகளாலும் பின்னர் ஈயக் குண்டுகளாலும் நிரப்பி, வெள்ளையரின் ஓடே பெரிதென்றார். அடிமை முறையை ஆதரித்தோர் அம்முடிபைக் கொண்டாடினர். அதே காலத்தில், 1836இல், ஜேர்மனியைச் சேர்ந்த பிரெட்றிக் ரீடமன் மண்டையோடுகளைத் தினையால் நிரப்பி அளந்து, ஆபிரிக்கருக்கும் ஐரோப்பியருக்குமிடையே அறிவு வேற்றுமை கூறத்தக்க எதனையும் காணவில்லை என்றார். ரீடமனை எவரும் கொண்டாடவில்லை. ஒரே வகையான அளவையிலிருந்து இரு முடிபுகள் பிறந்தபோது, பருத்தித் தோட்ட முதலாளிகள் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டனர்.

இங்கே நாம் நேர்மையாக இருத்தல் வேண்டும். மோர்ட்டன் அறியாமலே அளவைகளைத் திரித்தார் என்று 1981இல் ஸ்டீபன் ஜே கூல்ட் எழுதினார். 2011இல் அவ்வோடுகளை மீண்டும் அளந்த ஆய்வாளர்கள் மோர்ட்டனின் அளவைகள் பெரும்பாலும் சரியே என்றனர். விவாதம் அதனோடு முடியவில்லை. அளவை சரியென்றே கொள்வோம். அதனால் முடிபு சரியாகிவிடுமா? உடல் பருத்தவனுக்குத் தலையும் பருக்கும். குளிர்நாட்டு மக்களின் தலை, சூட்டை இழக்காதிருக்கும் பொருட்டு, உருண்டும் பெருத்தும் இருத்தல் உலகளாவிய போக்கு; 1984இல் வெளிவந்த விரிவான ஆய்வொன்று இதனைக் காட்டிற்று. பனியில் வாழ்ந்த பாட்டனின் தலை பெரிதாயிருந்தமை, பேரன் அடிமைகளை வைத்திருக்க உரிமைப்பத்திரம் ஆகாது. தனிமனிதர்களை எடுத்துக்கொண்டாலோ இக்கொள்கை நகைப்புக்கிடமாகின்றது. ருஷ்ய நாவலாசிரியர் துர்க்கனேவின் மூளை ஏறத்தாழ 2,012 கிராம். 1921இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அனத்தோல் பிரான்சின் மூளை ஏறத்தாழ 1,017 கிராம். எவர் எழுத்து இருமடங்கு சிறந்தது என்று இடுக்கிமானிக்காரர்தான் கூறவேண்டும்.

தலையின் வடிவு மாறாத இன முத்திரை என்ற கோட்டையைத் தாக்கியவர் பிரான்ஸ் போவாஸ். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தோரும் அவர்தம் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 18,000 பேரை அளந்து, 1911இல் தம் அறிக்கையை வெளியிட்டார். அமெரிக்காவிற் பிறந்த பிள்ளைகளின் தலையளவு, ஐரோப்பாவிற் பிறந்தோரின் அளவினின்றும் மாறியிருந்தது. அகன்ற தலையினரான கிழக்கைரோப்பிய யூதரின் பிள்ளைகள் சற்றே நீள்தலையராகவும், நீள்தலையினரான சிசிலியரின் பிள்ளைகள் சற்றே அகன்ற தலையராகவும் காணப்பட்டனர். 2002இல் இத்தரவுகளை மறு ஆய்வு செய்தோர் மாற்றம் மிகச் சிறிது என்றனர். 2003இல் வேறு சிலர் போவாஸ் அடிப்படையிற் சரியே என்று நிறுவ முற்பட்டனர். மரபுக்கே பெரும்பங்கு என்று முடிந்தாலும் நமக்கு அச்சமில்லை. மூக்கின் நீளமும் மரபு வழியே வருகின்றது. அதனால் நீண்ட மூக்கினனுக்கு இலக்கணம் எளிதில் வருமென்று எவரும் கூறுவதில்லை. மேலும், 1994இல் ஜோன் றெலத்போர்ட் காட்டியதுபோல, மண்டையோட்டு அளவைகளில் உள்ள வேறுபாட்டின் மிகப் பெரும்பகுதி ஒரே நிலப்பகுதி மக்களுக்குள்ளேயே காணப்படுவது. நிலப்பகுதிகளுக்கிடையே உள்ளது ஏழிலொரு பங்கினும் மேற்படாது. ஒரு வகுப்பறையில் அமர்ந்திருக்கும் 40 பிள்ளைகளின் தலைகளை நோக்கினாலே இவ்வுண்மையின் சாயல் புலப்படும்.

தலையை வேண்டுமென்றே வடிவு மாற்றிய சமூகங்களும் உலகெங்கும் இருந்தன. பெரு நாட்டின் பராக்கஸ் கடற்கரையில் 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள் குழந்தைகளின் தலையைக் கட்டி நீளச் செய்தனர். அத்தலைகளோடு அவர்கள் நெய்து, ஊசிவேலை செய்த ஆடைகளை இன்றும் நூதனசாலைகள் பொக்கிஷமாகக் காக்கின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? பிரான்சின் துலூஸ் பகுதியில் 19ஆம் நூற்றாண்டு வரை உழவர் குடும்பங்களில் குழந்தைகளின் தலையை இறுகக் கட்டும் வழக்கம் இருந்தது. பாரிஸ் நகரத்து அறிஞர் காலனி மக்களின் தலைகளை அளந்து தரம் பிரித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, அவர்தம் நாட்டுக் குடியானவர் நீண்ட தலைகளோடு வயலை உழுது அவ்வறிஞருக்குச் சோறிட்டனர்.

இத்தகைய 'விஞ்ஞானம்' நூலகத்துள் அடங்கியிருக்கவில்லை. 1876இல் இத்தாலியரான செசாரே லொம்ப்ரோசோ, குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி என்றும், அவன் மண்டையும் முகமும் அதற்குச் சாட்சி என்றும் நூல் எழுதினார். தெற்கு இத்தாலியின் ஏழை உழவர்களை அடக்குவோருக்கு அது வாய்ப்பாயிற்று. இக்கொள்கையின் இறுதி நிலையத்தை 1943இற் காண்கின்றோம். நாஸி உடற்கூற்றாசிரியர் ஓகஸ்ட் ஹேர்ட் ஸ்ராஸ்பூர்க்கில் எலும்புக்கூட்டுச் சேகரிப்பொன்றை அமைக்க விரும்பினார். அதற்கென அவுஷ்விட்சிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட 86 யூத ஆண்களும் பெண்களும் அளக்கப்பட்டு, கொண்டுவரப்பட்டு, நச்சுப்புகையாற் கொல்லப்பட்டனர். அளப்பதற்காகவே கொலை! பேராசிரியர் பட்டமும் வெண்ணிற மேலங்கியும் மனச்சாட்சிக்கு ஈடாகா என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நம் அயலிலும் இடுக்கிமானி உலாவிற்று. வங்காளத்தில் ஹேர்பேட் றிஸ்லி, மூக்கின் அகலம் கூடக்கூடச் சாதியின் உயர்வு குறையும் என்று 1891இல் எழுதினார். பின்னர் 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் ஆணையாளருமானார். சென்னை நூதனசாலையின் எட்கர் தேர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளின் தலைகளையும் மூக்குகளையும் அளந்து குவித்தார். சாதி என்பது நிலவுடைமையாலும் ஒடுக்குமுறையாலும் நிலைநிறுத்தப்பட்ட சமூக உறவு. அதனை என்பில் எழுதிய இயற்கை விதியாக மாற்றிக் கொடுத்தமை ஏகாதிபத்தியம் நம் உயர்சாதியினருக்குச் செய்த பேருதவி. 1968இல் மாவிட்டபுரத்தில் கோவிற் கதவடைத்து நின்றவர்கள் றிஸ்லியைப் படித்திருக்கமாட்டார்கள். ஆனால் "முகத்தைப் பார்த்தாலே தெரியும்" என்று அவர்கள் கூறியபோது றிஸ்லியின் மொழியையே பேசினார்கள்.

இலங்கையில் இக்கொடுமையை முழுமையாக அனுபவித்தோர் வேடர். 1881இல் பேர்லினைச் சேர்ந்த றுடோல்ப் விர்ச்சோ வேடரின் மண்டையோடுகளைப் பற்றி நூல் வெளியிட்டார். அவை மிகச் சிறியன என்று குறித்தார். இதே விர்ச்சோதான் ஜேர்மனியின் பள்ளிச் சிறுவர் ஏறத்தாழ 67 இலட்சம் பேரின் கண், முடி, தோல் நிறங்களை ஆராய்வித்து, தூய ஜேர்மானிய இனம் என ஒன்று இல்லை என்று காட்டியவர். தம் நாட்டில் இனவாதத்தை எதிர்த்த அறிஞருக்கும் நம் நாட்டுக் காட்டுமனிதன் ஓர் அருங்காட்சிப் பொருளாகவே தோன்றினான். 1880களில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து வந்த பவுல், பிரிட்ஸ் சரசின் என்னும் உறவினர் இருவர், வேடரை அளந்தும் படம்பிடித்தும் மண்டையோடுகளையும் எலும்புகளையும் திரட்டியும் சென்றனர். மனித குலத்தின் ஆதி நிலைக்கு மிக அண்மையில் நிற்போர் வேடர் என்பது அவர்கள் முடிபு. அவ்வேடர் அவர்களுக்கு வழிகாட்டினர். மொழியும் பாட்டும் கதையும் உடையவராயிருந்தனர். இடுக்கிமானி இவற்றை அளப்பதில்லை.

2019 நவம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகம் தன் உடற்கூற்றியற் சேகரிப்பில் இருந்த 9 வேடர் மண்டையோடுகளைத் திருப்பிக் கொடுத்தது. வேடரின் தலைவர் ஊறுவரிகே வன்னில அத்தோ நேரிற் சென்று தம் முன்னோரைப் பெற்றுக்கொண்டார். அந்நிகழ்ச்சியைப் பத்திரிகையிற் படித்து நாம் மகிழ்ந்தோம். மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் எழவேண்டும். 1983இல் மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனம் செய்யப்பட்டபோது, வேடர் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த காடு அவர்களுக்குத் தடுக்கப்பட்ட நிலமாயிற்று. அதனைச் செய்தவர் சுவிசுக்காரருமல்லர், ஸ்கொத்லாந்துக்காரருமல்லர். வெள்ளையன் தலையைக் கொண்டுபோனான். நாம் காட்டைக் கொண்டுபோனோம். அவர்கள் 'ஆதிவாசிகள்', ஆகவே அபிவிருத்திக்கு வழிவிட வேண்டியவர்கள் என்று நினைத்த அதிகாரியின் மனத்திலும் சரசின் உறவினர் இருவரின் அளவுகோலே இருந்தது.

நம்மிடையே உள்ள இனவாதிகளின் கதையும் இதுவே. ஆரியம் என்பதும் திராவிடம் என்பதும் மொழியாராய்ச்சியிற் பிறந்த சொற்கள். 1856இல் கால்டுவெல் எழுதியது இலக்கணம், உடற்கூற்று நூலன்று. மொழிக்குரிய சொல்லை மண்டையோட்டுக்கு ஏற்றுவதை மாக்ஸ் முல்லரே 1888இல் எள்ளி நகையாடினார். அவ்வாறிருந்தும், தென்னிலங்கையில் ஒரு கூட்டம் தன்னை ஆரிய இரத்தம் என்கின்றது. வடபுலத்தில் ஒரு கூட்டம் கலப்பற்ற திராவிட இரத்தம் என்று மார்தட்டுகின்றது. சிங்களவரும் இலங்கைத் தமிழரும் மிக நெருங்கிய உறவினர் என்பதையே மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. பிறரின் இனவாதத்தைக் கண்டிப்பது எளிது, நம்முடையதையும் கண்டிப்போம். 2025இல், கீழடியை அடுத்த கொந்தகையிற் கிடைத்த இரு ஆண்களின் மண்டையோடுகளைக் கொண்டு லிவர்பூல் ஜோன் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகவடிவங்கள் ஆக்கப்பட்டன. ஆய்வு என்ற அளவில் அது பயனுள்ளதே. ஆனால் நம்மிற் பலர் கேட்ட முதற் கேள்வி என்ன? அம்மக்கள் என்ன உண்டார்கள், எவ்வாறு உழைத்தார்கள், அவ்வுழைப்பின் பயனை எவர் கொண்டார் என்பதா? இல்லை. அம்முகம் 'நம்முடைய' முகந்தானா என்பதே. மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்த முன்னோரிடமும் சாதியும் இனமும் விசாரிக்கும் நம் பழக்கம் போகவில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று சில மாணவ நண்பர்கள் கூறலாம். 2016இல் சீன ஆய்வாளர் இருவர், அடையாளப் புகைப்படத்தைக் கொண்டே குற்றவாளியைப் பிரித்தறியும் கணினி முறையைக் கண்டதாக அறிவித்தனர். கணினி கண்டது குற்றத்தையன்று, முகங்களின் பாவனை வேறுபாட்டையே என்று பிறர் சுட்டிக்காட்டினர். லொம்ப்ரோசோ இறந்துவிட்டார், அவருடைய இடுக்கிமானி மின்சாரம் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கின்றது. நாளை வேலைக்கு ஆளெடுக்கும் கம்பனியும் சோதனைச் சாவடியும் அதனைக் கையிலெடுக்கும்போது, முதலில் நிறுத்தி விசாரிக்கப்படுபவன் யார் என்பதை இந்நாட்டுத் தமிழனுக்கோ முஸ்லிமுக்கோ விளக்க வேண்டியதில்லை.

அங்ஙனமாயின் தலையை அளத்தலே குற்றமா என்று கேட்கலாம். அன்று. கிராமத்துக்கு வரும் மருத்துவமாதும் பிள்ளையின் தலையை அளக்கின்றாள். நாடாவைச் சுற்றிப் பிடித்து, சுகாதாரப் பதிவேட்டிலே புள்ளியிட்டு, சென்ற மாதப் புள்ளியோடு ஒப்பிட்டு, வளர்ச்சி குன்றினால் அல்லது மிகுந்தால் வைத்தியரிடம் அனுப்புகின்றாள். அவள் அப்பிள்ளையை அதனோடேயே ஒப்பிடுகின்றாள். இருப்பதைக் கண்டு உதவி அழைக்கின்றாள். றிஸ்லியும் சரசினும் பிள்ளையை இன்னொருவனோடு ஒப்பிட்டனர். இருப்பதைக் கண்டு தீர்ப்பெழுதினர். அளவை ஒன்றுதான்; அது எவருக்காக என்பதே கேள்வி. முற்போக்காளர் அளவுநாடாவை வெறுப்பவரல்லர். மலையகத்து லயன் அறையிற் பிறக்கும் பிள்ளைக்கும் அது தவறாது சென்றடைய வேண்டும் என்று போராடுபவர்.

ஆசிரிய நண்பர்களே, நாம் செய்யவேண்டியவை பெரியனவல்ல. 'மரமண்டை', 'களிமண் மண்டை' என்னும் சொற்களை முதலில் நம் வாயிலிருந்து நீக்குவோம். பின்னர் அவற்றை வகுப்பிலிருந்து நீக்கும் தகுதி நமக்கு உண்டாகும். விஞ்ஞான பாடத்தில் மண்டையோட்டின் படத்தைத் தொங்கவிடும்போது பொருத்துகள் எதற்காக உள்ளன என்பதையும், அவற்றை மனிதர் எவ்வாறெல்லாம் தவறாக வாசித்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். வரலாற்றுப் பாடத்தில் எடின்பரோவிலிருந்து வந்த 9 தலைகளுக்கு ஒரு பாடவேளை ஒதுக்குவோம். வழக்கத்துக்கு மாறான தலையோடு ஒரு பிள்ளை வந்தால், அவன் பெற்றோரைத் தனியே அழைத்து வைத்தியரிடம் காட்டினீர்களா என்று மரியாதையோடு கேட்போம். பின்பு ஏனைய பிள்ளைகளுக்குக் கற்பிப்பதுபோல் அவனுக்கும் கற்பிப்போம்.

அம் மாணவனின் கணித விடைத்தாளைப் பின்னர் வாங்கிப் பார்த்தேன். ஏழு வினாக்களில் மூன்றை அவன் தொடவே இல்லை. தொட்ட நான்கில் மூன்று சரி. தொடாத மூன்றும் அவன் கடைசி வாங்கிலிருந்து கேட்டறிய அஞ்சிய பாடங்களாக இருக்கவேண்டும் என்பது என் ஊகம். அடுத்த தவணை அவன் முன் வாங்கில் இருப்பான். விடாத அந்த மூன்று வினாக்களுக்கும் விடை கூறவேண்டியவர்கள் ஆசிரியர் ஓய்வறையில் இருக்கின்றோம்.